மணிக்கணக்கு வக்கீல்

மினசோட்டாவின் டுலூத் நகரில் வசிக்கும் மார்லிஸ் எதைப் பேசினாலும் வானிலையிலிருந்தே தொடங்குவாள். உப்பு இரவல் கேட்பதற்கும் அவளுக்கு அரைமணி நேரம் வேண்டும்.

அன்றும் தொலைபேசியில் வக்கீலிடம் ஏரியில் பனி உருகும் அழகைச் சொல்லி முடித்து, தன் கல்யாணத்திற்குப் பரிசாக வந்த கரண்டிகள் யாருக்கு என்னும் கேள்விக்கு வந்துசேர்ந்தாள். தங்கை ஆர்லீனுக்குப் பொறுக்கவில்லை. அக்காள் பேசி முடித்ததும் பிடித்துக்கொண்டாள்.

“விவாகரத்துக்கு மொத்தமா ஒரு தொகை பேசிக்கிற வக்கீலுங்க எத்தனை பேர் இருக்காங்க! இந்த ஆளு மணிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குறவரு அக்கா. நீ தும்மினாக்கூட பில்லு வரும்.”

“தெரியும்டி. அதுக்காக வெடுக்குன்னு பேச முடியுமா?”

“ஏரிக்கரை வீட்டை உன் புருஷன் வெர்ன் விட்டுத்தரவே மாட்டேங்கிறார். அது உன் கைக்கு வர்றதுக்குள்ள வக்கீலே முழுங்கிடுவார், பாரு!”

அப்போது கதவு திறந்தது. கணவன் வெர்ன், கையில் காகிதக்கட்டோடு உள்ளே வந்தான்.

“ஏரிக்கரை வீட்டை நீயே வச்சுக்கோ மார்லிஸ், கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே என் வக்கீலுக்கு மட்டும் ஃபோன் பண்ணாதே! நீ வானிலை சொல்ற நேரத்துக்கெல்லாம் அந்த ஆளு என்கிட்ட காசு புடுங்குறான்!”

ஆர்லீன் வாயைப் பிளந்தாள். “அப்ப உன் வக்கீல் யாருக்கா?”

“எனக்கு எதுக்குடி வக்கீல்? என் வழக்கை நானேதான் பார்த்துக்கறேன்.”

மார்லிஸ் காகிதங்களை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் படித்து, மடித்து வைத்தாள்.

“பாவம், பொறுமையாக் கேட்ட மனுஷர். நாளைக்கு அவரைக் கூப்பிட்டு நன்றி சொல்லிடுறேன்” என்றாள்.