நாலு விரல் தூரம்

“இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க செகரட்டரி சார்! எதிர்ல வயசுப் பொண்ணு இருக்கற வீடு. இவன் காலையில பல் விளக்கறதுக்கு முன்னாடியே கேமராவோட பால்கனியில நிக்கறான்!”

அதே குடியிருப்பின் எதிர்க்கட்டடத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜரின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்காத வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நாலு பேர்கூட வராத குடியிருப்பு அது. இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதே இல்லை.

இரண்டாம் மாடிப் பால்கனியில், கேமராவைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான் அந்த வாடகைக்காரன். கல்யாணம் ஆகாதவன். வேலை கணக்கு எழுதுவது, பொழுதுபோக்கு படம் பிடிப்பது. இந்த வீடும் போனால் தனி ஆளுக்கு வேறு வீடு தர ஆளில்லை என்பது அவனுக்கும் தெரியும், கூடியிருந்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அத்தனை சுவாரசியம்.

“யார் பார்த்தது?” என்றார் செகரட்டரி.

மேனேஜரின் மகள் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்தபடி முன்னால் வந்தாள். “நான்தான் அங்கிள். ஒரு வாரமா எங்க ஜன்னலைப் பார்க்க கேமராவை வச்சுக்கிட்டு நிக்கறார். அப்பாகிட்ட சொன்னதும் நான்தான்.”

“நானும் பார்த்தேன்!” என்றார் கீழ்வீட்டு அக்கா. அவர் பார்க்காத சங்கதி அந்தக் கட்டடத்தில் இன்னும் நடக்கவில்லை. “சும்மாவா நிக்கறான்? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடியும் பின்னாடியும் ஆடறான். பார்க்கவே கூசுது. தினமும் பார்க்கறேன்.”

“அப்படி ஆடினாத்தான் அக்கா தூரம் சரியா அமைஞ்சு படம் தெளிவா வரும்,” என்றான் அவன் பரிதாபமாக. “இதைப் பாருங்க சார், லென்ஸைத் திருப்பி மாட்டியிருக்கேன். வெளியில இருக்க வேண்டிய முகம் உள்ள, உள்ள இருக்க வேண்டியது வெளியில.”

“ஏன், ஒழுங்கா மாட்டத் தெரியாதா?”

“பூச்சி எடுக்கற லென்ஸ் வாங்க எனக்கு வசதியில்ல சார். ஒரு வளையத்தை வச்சு இப்படித் திருப்பிட்டா, இருக்கற பழைய லென்ஸே பூதக்கண்ணாடி ஆயிடும். நாலு விரல் தூரத்துல எறும்பு எருமை மாதிரி தெரியும். அதைத் தாண்டி ஒண்ணும் தெரியாது.”

“கதை விடறான்!” என்றார் மேனேஜர்.

“நீங்களே பாருங்க.”

மேனேஜர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்து எதிர்க்கட்டடத்தைப் பார்த்தார். சோப்புத் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல ஒரே வெளுப்பு.

“என்னது, என் வீட்டையே காணோம்!”

அப்படியே கைப்பிடிக் கம்பிக்கு அருகே கேமராவை இறக்கியவர், “ஐயோ!” என்று பின்னால் குதித்துச் செகரட்டரியின் காலை மிதித்தார். கம்பிமேல் ஓர் எறும்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது.

“எடுத்த படத்தையெல்லாம் காட்டுப்பா,” என்றார் செகரட்டரி காலைத் தடவியபடி.

கூட்டம் நெருக்கியது. எறும்பின் மீசை. ஈயின் கண். கொசுவின் முழங்கால். மறுபடியும் எறும்பு. ஜன்னலும் இல்லை, பெண்ணும் இல்லை. நியாயமாக எல்லோரும் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். பாதிப் பேர் முகத்தில் ஏமாற்றம் அப்பிக் கிடந்தது.

“எறும்புக்கு இவ்வளவு முடியா? எங்க வீட்டுக்காரருக்குக்கூட இல்லையே!” என்று வியந்தார் அக்கா. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் ஓசைப்படாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

“தம்பி காலி பண்ண வேண்டாம்,” என்று முடித்தார் செகரட்டரி.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். தப்பை ஒப்புக்கொள்ளும் பழக்கம் பேங்கில் இருந்தபோதே அவருக்குக் கிடையாது. அதனால் பாராட்டத் தொடங்கினார்.

“எதிர்ல என் பொண்ணு நிக்கறா, இவன் எறும்பைப் பார்த்துக்கிட்டு இருக்கான்! இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா? தம்பி, நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் இங்க நில்லு. எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்பு. எங்க வீட்டுப் பூந்தொட்டியில நிறையப் பூச்சி இருக்கு, அதையும் வந்து எடுத்துக்கோ.”

பிறகு மகள் பக்கம் திரும்பினார். “நல்ல பையனைப் போய்ச் சந்தேகப்பட்டியே, போய் சாரி சொல்லு.”

“நான் எதுக்குச் சொல்லணும்?”

“சொல்லுன்னா சொல்லு!”

கூட்டம் கலைந்து படியிறங்கியது. அவள் வேண்டாவெறுப்பாக அவன் அருகே போய், தலையைக் குனிந்துகொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“நீ லென்ஸை மட்டும் திருப்பு, அப்பாகிட்ட நானே புகார் சொல்றேன்னு அன்னைக்கே சொன்னேன்ல? இப்ப அவரே உன்னை நிக்கச் சொல்லிட்டாரு. நாளையிலேர்ந்து நேராவே மாட்டிக்கோ.”