அரிசிச் சாக்குல ஒரு விரிப்பு

பசிபிக் கடல்ல இருக்குற டோங்காத் தீவுச் சனங்க வீட்டுல அப்பாகூடப் பிறந்த அத்தை வெச்சதுதான் சட்டம். அவங்க 'இது நம்மளது இல்ல'ன்னு சொல்லிட்டா, அதோட போச்சு. அதான் கல்லூரிக் கண்காட்சியில தன் கைவேலையை வெச்சிருந்த சியாலே, அத்தை வர்றாங்களான்னு வாசலையே பார்த்துட்டு நின்னா. பெரியவங்க நடந்து வர்றதுக்கு மரப்பட்டையைத் தட்டித் துணியாக்கித் தரையில விரிக்கிறது அவங்க வழக்கம். இவளோ பழைய அரிசிச் சாக்கைத் தைச்சு, அந்தத் துணியில இருக்குற அதே கட்டம், அதே பூவெல்லாம் கறுப்பு மையில வரைஞ்சு, சுவத்துல மாட்டியிருந்தா.

அத்தை வந்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"யாருடி இதைத் துவைச்ச துணி மாதிரி தொங்கவிட்டது?"

"நான்தான் அத்தை."

"இறக்கு."

சியாலேவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அத்தையே ஒரு முனையை அவிழ்க்க ஆரம்பிச்சாங்க. காவலாளி, "தொடக் கூடாதும்மா!"ன்னு ஓடி வந்தார்.

"நல்லதாப் போச்சு, அந்த முனையைப் பிடிப்பா."

அவரும் பிடிச்சார்.

சாக்கு தரையில விரிஞ்சதும், அத்தை நடக்கட்டும்னு கூட வந்த சொந்தமெல்லாம் ஒதுங்கி நின்னுச்சு. அத்தை நடக்கல. சியாலே முதுகுல கையை வெச்சு முன்னால தள்ளினாங்க.

"முதல்ல நீ நடடி. தலையை நிமித்தி நட."

சியாலே காலை வெச்சா. சாக்கு மொடமொடன்னுச்சு. பின்னாடி அத்தை போட்ட குலவையில மாடியில இருந்தவங்ககூட எட்டிப் பார்த்தாங்க.