பாண்டிக் கட்டத்தில் நெத்திலி

கடற்கரைப் பூங்காவில் ஜெபசுதா இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். பாண்டி விளையாட்டின் கட்டங்களைக் கருங்கல்லில் வெட்டி, 'ஏலே', 'ஏளா', 'அங்கன', 'இங்கன' என்று கட்டத்துக்கொரு ஊர்ச்சொல்லைச் செதுக்க அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் திறப்பு விழா. கட்டத்துக்கு ஒரு பாதம் வைக்க மட்டும் இடம் விட்டு, அத்தனை சொல்லின் மேலும் நெத்திலி காய்கிறது. "அக்கா, இது சிற்பம். மீன் காயப்போடுத எடமா?" "மணல்ல போட்டா நறநறங்கும்லா" என்கிறாள் மீன்காரி மெர்சலின், முக்காட்டை இறுக்கியபடி. "இப்பவே அள்ளுங்க." "மறுபக்கமும் காஞ்சிரட்டும், அள்ளுதேன்." பொறுக்கமாட்டாமல் ஜெபசுதா கட்டத்துக்குள் காலெடுத்து வைக்கப் போகிறாள். "ஏளா, மிதிச்சிராத." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெர்சலினே ஒற்றைக் காலில் நொண்டியடித்து, குனிந்து குனிந்து மீனைப் புரட்டியபடி கடைசிக் கட்டம்வரை போகிறாள். திட்டத் திறந்த வாயோடு ஜெபசுதா பார்க்கிறாள். ஒரு கோட்டைக்கூட அவள் மிதிக்கவில்லை.