நாற்பத்தொன்றாம் கணக்கு

வகுப்புக்கு வெளியே, சுவரில் காகிதத்தை வைத்து அந்தக் கையெழுத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். கோழி கிளறியது போலத்தான் வந்தது. சலவைக்கூடத்துச் சோப்புத் தண்ணீரில் பதினோரு வருடம் ஊறிய விரல்கள். பேனா என்றாலே முரண்டு பிடித்தன.

காகிதத்தைக் கசக்கி நோட்டுக்குள் செருகினாள். இரண்டு வருடப் பாடம் முழுவதும் அந்த நோட்டில் இருந்தது. ஒவ்வொரு வரியும், எழுதிய கையோடு யாரோ துடைத்துவிட்டது போல மை இழுபட்டு மங்கியிருந்தது.

உள்ளே நுழைந்ததும் ஐம்பது பெண்கள் ஒன்றாகத் திரும்பினார்கள். கரும்பலகை முன் நின்ற ஆசிரியை பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். உள்ளே வந்தவள் கடைசி பெஞ்சுப் பக்கம் நழுவினாள்.

“ஏய் நாப்பத்தொண்ணு! உன் இடம் இங்கடி, அங்க எங்க போற?” முன்வரிசையிலிருந்து மீன்காரியின் குரல் கூரையில் இடித்தது. “கடைசி நாளாவது நேரத்துக்கு வரக்கூடாதா? தலைமை ஆபீஸ் சார் வந்து அரை மணி நேரமாச்சு.”

மீன்காரி நகர்ந்து கொடுத்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

அது சேமிப்பு வகுப்பு. மாதம் தவறாமல் பணம் கட்டி, மாதம் தவறாமல் வகுப்புக்கும் வந்தால், இருபத்து நாலாவது மாதம் சங்கம் அதைப்போல இரண்டு மடங்கு சேர்த்துத் தரும். கையில் தராது; எதற்கென்று முதல் நாள் எழுதிக் கொடுத்தார்களோ அங்கே நேராகப் போய்விடும். நாற்பத்தொன்றாம் கணக்கில் ‘மகளின் நர்ஸ் படிப்பு’ என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் போகாவிட்டால் கல்லூரியில் அந்த இடம் வேறொரு பெண்ணுக்கு.

காலையில் வீட்டில், படிக்கப் போக வேண்டியவள் முகத்தைத் திருப்பாமலே சொல்லியிருந்தாள்: “கிடைக்கலேன்னா பரவாயில்ல. நானும் சலவைக்கே வந்துடறேன்.”

அந்தப் ‘பரவாயில்ல’வைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினேழு வயதில் அதைச் சொல்லப் பழகினால், அப்புறம் எல்லாவற்றுக்கும் அதுவே வாயில் வரும். அவளே அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்த வயதுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதியிருந்தது: வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம், எதிர்பாராத செலவு. எதிர்பாராத செலவுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. எதிர்பாராத வேறு எதற்கும் இல்லை.

அதிகாரி எழுந்து தொண்டையைச் செருமினார். “விதி எல்லாருக்கும் தெரியும். ஒரு மாசம் விட்டிருந்தாலும் சங்கத்துப் பணம் கிடையாது. ஒரு வகுப்பு விட்டிருந்தாலும் கிடையாது. கணக்குக்காரங்களே இல்லாம போயிட்டா, கட்டினது மட்டும் வீட்டுக்குத் திரும்பி வரும்.”

“அப்ப, இருபத்து நாலு மாசத்துக்கு எங்களுக்குச் சாகக்கூட லீவு இல்லையா சார்?” என்றாள் மீன்காரி.

அவள் எது சொன்னாலும் சிரிக்கிற கூட்டம்தான். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வரிசை ஆரம்பித்தது. முப்பத்தொன்பது போனாள், நாற்பது போனாள். கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் எண்ணினாள். இப்போதே எழுந்து ஓடிவிட்டால் என்ன? வீட்டில் போய் என்ன சொல்வது? பரவாயில்லை என்றா?

“நாற்பத்தொன்று.”

பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. ஆற்றைக் கடப்பது போல நடந்தாள். நாற்பத்திரண்டாம் எண்காரி மீன்காரிதான். பின்னாலேயே வந்து நின்றாள்.

அதிகாரி கணக்குப் புத்தகத்திலிருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “படத்துல நல்லா பூசினாப்புல இருக்கீங்களே?”

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா சிக்கனம் சிக்கனம்னு பாடம் நடத்தினீங்களே சார். சாப்பாட்டுலதான் முதல்ல கை வெச்சோம்” என்று பின்னாலிருந்து வந்தது பதில். “என் படத்தையும் பாருங்க, அதுல எனக்கு ரெண்டு கன்னம் இருக்கும்!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதிகாரிகூட உதட்டோரம் சிரித்துவிட்டு, பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, பழைய கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். “இதே மாதிரி இருக்கணும்மா. கொஞ்சம் மாறினாலும் மேல தள்ளிடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல.”

பேனாவை நீட்டினார். பெரியவர்கள் எதைத் தந்தாலும் வாங்குகிற பழக்கத்தில், அவள் வலது கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

மூன்று வாரமாக மனப்பாடம் செய்த சுழிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பேனா முனை கோட்டின் மேல் நின்றது.

அந்த நேரம் பார்த்து மீன்காரியின் சில்லறைப் பை நழுவி, காசுகள் மேசைக்கடியில் சிதறி உருண்டன. “ஐயோ சார், உங்க காலடியிலதான் சார்!” அதிகாரி அலுத்துக்கொண்டே குனிந்தார். ஆசிரியை, ஏதோ வேலை இருப்பவள் போல, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காதருகில் மீன் வாடையும் மூச்சும் நெருங்கின.

“கையை மாத்து தங்கச்சி. உங்க அக்கா கடைசி வரைக்கும் இடது கையாலதான் போட்டா.”