அனுப்பியவை

வீட்டிலேயே இருப்பவளுக்குத் தனி சிம் எதற்கு என்று சொல்லி, பரிமளாவின் சிம்மைக் கழற்றி, வீட்டுக்கு வைஃபை தரும் இன்டர்நெட் பெட்டிக்குள் போட்டிருந்தான் அவள் கணவன். அந்த நம்பருக்கு வரும் செய்திகளைத் தன் லேப்டாப்பில் படிப்பான். "உன் தங்கச்சி நல்லா இருக்கறாளாம்" என்பான். அவ்வளவுதான்.

இன்று லேப்டாப்பை மூடாமல் குளிக்கப் போயிருந்தான். பரிமளா தங்கையின் செய்திகளைத் திறந்தாள். பட்டன் போன் மட்டும் அனுமதிக்கும் மில் விடுதியிலிருந்து தங்கை கேட்டிருந்தாள்: "ஆடி நோம்பிக்கு வரட்டுமாக்கா?" 'அனுப்பியவை' என்ற பகுதியில் பரிமளா எழுதாத பதில் கிடந்தது: "வேண்டாங் கண்ணு. மாமா என்னை ராணியாட்டம் வச்சிருக்கறாரு." இன்னும் எத்தனையோ பதில்கள். எல்லாவற்றிலும் கண்ணு. அவள் மட்டுமே தங்கையைக் கூப்பிடும் சொல். பெட்டியின் சூட்டில் குடியிருந்த கரப்பான் ஒன்று துளை வழியே மீசையை நீட்டியது.

அவன் முறுக்கியதில் மடக்க முடியாமல் போன இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் தட்டினாள். முதலில் 'கண்ணு' என்று எழுதப் போனாள். அவன் மென்று துப்பியதை மறுபடி தன் வாயில் வைப்பது போலிருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினாள்: "இது நாந்தான். இத்தன நாளும் எழுதுனது மாமா. உடனே வந்து என்னயக் கூட்டிட்டுப் போ."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பதில் வந்தது.

"யாருங்க நீங்க? எங்கக்கா கண்ணுன்னு கூப்பிடாம ஒரு வார்த்த பேச மாட்டா."