அந்த இம்மி

இன்ஸ்பெக்டர் பாலசுந்தரத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றைச் சோதிக்க வந்தவர், வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்ததிலிருந்து கைக்குட்டையை மூக்கை விட்டு எடுக்கவில்லை. இதில் வாத்தியாரின் கணக்கு வேறு தப்பு!

"புள்ளிக்கப்புறம் ஒன்பது முடிவில்லாமப் போனா முழுசா ஒண்ணுதான்யா! குறையும்னு எவன் சொன்னான்?"

"எத்தனை ஒன்பது போட்டாலும் ஓர் இம்மி குறையுமுங்களே, சாமி" என்றார் வாத்தியார் காத்தான், கரும்பலகையோரம் நின்றபடி.

"சீ! ஒண்ணை மூணால வகுத்தா என்ன வரும்?"

"புள்ளி மூணு, மூணுன்னு போய்க்கிட்டே இருக்குமுங்க."

"அதையே மூணால பெருக்கு. எல்லாம் ஒன்பதாயிருச்சா? மூணால வகுத்ததை மூணால பெருக்கினா பழைய ஒண்ணுதானே வரணும்? இம்மி எங்கிருந்துய்யா வந்துச்சு?"

காத்தானின் முகம் மலர்ந்தது. "ஆமாங்க சாமி! ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லீங்க!"

"கொண்டா சாக்குக்கட்டியை, எழுதியே காட்டறேன்."

காத்தான் அதை நீட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "தூ! சேரிக்காரன் கையிலயா வாங்குவேன்? கீழே வெச்சிட்டு எட்ட நில்லு!"

காத்தான் சாக்குக்கட்டியைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

"நான் மொதல்ல சொன்னதுதானுங்க சரி, சாமி. அந்த இம்மி இருக்கத்தான் இருக்குதுங்க."