முடியாத மஃப்ளர்

"முதல்ல அந்த ஊசியைக் கீழ வைங்கப்பா! வெச்சிட்டு அப்புறம் பேசுங்க!"

மூன்றாவது மாடியில் நர்ஸ் போட்ட சத்தம் வாசல் கேட் வரைக்கும் கேட்டது. மாடிப்படியில் துணி வாளியோடு நின்றிருந்த எனக்குக் கேட்காமல் இருக்குமா? கதவு வேறு ஒரு சாண் திறந்திருந்தது.

அவள் அப்பா ஊசியைக் கீழே வைக்கவில்லை. யாரையும் குத்திவிடுவார் என்று பயப்பட வேண்டாம், அது பின்னல் ஊசி. அதிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மஃப்ளர் இறங்கி, சோபாவைத் தாண்டி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணாம் தேதி நான் புது ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேரணும். எட்டு மணி நேரப் பயணம். உங்களை இங்க தனியா விட்டுட்டு எப்படிப்பா போவேன்? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாரு தூக்குவா?"

"மஃப்ளர் முடியட்டும் பாப்பா. பாதியில விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

"ஆறு மாசமா இதே பாட்டு! ஆறு மாசம் கத்துக்கிட்ட லட்சணமா இது? பாருங்க, இந்த ஓட்டையில என் கட்டை விரலே போகுது!"

"ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தாம்மா வரும்" என்றார், விட்டுப்போன ஒரு கண்ணியை ஊசியால் தூக்கிச் சரிசெய்துகொண்டே.

நர்ஸ் சொன்னதில் தப்பில்லை. வரிசைக்கு முப்பது கண்ணி என்று ஆரம்பித்த மஃப்ளர் அது. எங்கெங்கோ கண்ணி கூடி, இப்போது ஐம்பத்துநாலில் நிற்கிறது. போகிற போக்கில் எண்ணிப் பார்த்ததுதான். ஒரு முனை கழுத்துக்கு, மறு முனை கட்டிலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பா ரிட்டயரான பஸ் டிரைவர். மனைவி போய் ஐந்து வருஷம். 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகைக்குக் கீழே முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவர், வீட்டிலும் அந்தப் பலகையைக் கழற்றவே இல்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டி நாற்பது நிமிடம் நிற்குமே, அப்போதுகூட மற்றவர்கள் இறங்கிச் சீட்டாட, இவர் மட்டும் இறங்காமல் மடியில் எதையோ வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பாராம்.

அப்படிப்பட்டவர் செவ்வாயும் வெள்ளியும் முகச்சவரம் செய்துகொண்டு, துணிப்பையோடு தெருமுனை உல்லன் கடைக்குப் போகிறார். கடைக்காரம்மா தனிக்கட்டை. வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர், அக்காவிடமிருந்து அந்தக் கடையை வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. வாசலில் 'பின்னல் வகுப்பு' என்று பலகை. உள்ளே போவது டிரைவர் ஒருத்தர்தான்.

தெரு பேசாமல் இருக்குமா? அவருக்கு அறுபத்துமூன்று, அந்தம்மாவுக்கு ஐம்பத்தேழு, இந்தப் பாடம் எங்கே போய் முடியுமோ என்று பேச்சு. நான் நாலு பேரிடம்தான் சொன்னேன்.

எனக்குக்கூட டீ கெட்டிலுக்கு ஓர் உறை பின்னித் தந்தார் மனிதர். ஓரமெல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி அத்தனை கச்சிதம். மஃப்ளரில் ஓட்டை போடுகிற கையா இதைப் போட்டது என்று இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரம்மா சரிசெய்து கொடுத்திருப்பார் என்று சமாதானமாகிவிட்டேன்.

உள்ளே நர்ஸ் விடவில்லை.

"அந்தம்மா வேணும்னே இழுத்தடிக்குதுப்பா! முடிக்கிறது எப்படின்னு சொல்லித் தந்துட்டா கிளாஸ் முடிஞ்சிடும் பாருங்க, அதான்! நானே போய்க் கேக்கிறேன்!"

டிரைவர் அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார்.

"பாப்பா, அங்க போய்க் கத்தாதே. அவங்க பயந்த சுபாவம்."

"பயப்படட்டும்!"

நர்ஸ் மஃப்ளரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னை இடிக்காத குறையாக இறங்கினாள். எனக்கும் அந்த நேரம் பார்த்து இரண்டு பொத்தான் தேவைப்பட்டது. உல்லன் கடையில் பொத்தானும் விற்கிறார்கள்.

ஆனால் கடைக் கண்ணாடிக் கதவை அவள் என் மூக்குக்கு முன்னால் சாத்திவிட்டாள். வெளியில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். நர்ஸ் மஃப்ளரை உதறி உதறிக் காட்டி, விரலை நீட்டிக் கத்தினாள். கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு வாக்கியம் பேசினார். நர்ஸ் பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்ன சொன்னார் என்று தெரியாமல் எனக்கு மூன்று மாசம் சோறு இறங்கவில்லை.

ஒண்ணாம் தேதிக்கு முந்தின நாள் நர்ஸ் தன் பெட்டிகளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அப்பாவை வா என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. மூன்றாம் மாசம் இரண்டு நாள் லீவில் வந்து, பதிவு அலுவலகத்தில் அப்பாவுக்கும் கடைக்காரம்மாவுக்கும் நடந்த கல்யாணத்துக்கு முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது சாட்சி நான். வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பேன்? டிரைவர் தன் துணிமணியோடு உல்லன் கடை மாடிக்குக் குடிபோனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பொத்தான் வாங்கப் போனேன். கடைக்காரம்மா கை ஊசியிலிருந்து இறங்கிய கத்தரிப்பூ மஃப்ளர் கல்லாவைத் தாண்டி வாசல்வரை வந்திருந்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏங்க, அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?"

கடைக்காரம்மா ஊசியிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்.

"'முடிக்கிறது எப்படின்னு உங்கப்பா எனக்கு இன்னும் சொல்லித் தரலையேம்மா'ன்னேன்."